முதல் மூச்சில் மூடும் குழாய்

அக்கா,

இன்று காலையும் ஒரு தொப்புள்கொடி வந்தது. பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், உப்புநீரில் ஊறியபடி, ஐஸ் பெட்டிக்குள். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை. நனைந்த இரும்பின் வாசனை, அதற்கடியில் லேசாக ஒரு பால் வாடை. இத்தனை வருஷமாக முகர்கிறேன், பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இன்று ஏனோ டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுக் கையுறையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்யும் பெண், "உடம்பு சரியில்லையா மேடம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

ஒரே ஒரு முறை நீ என் ஆய்வகத்துக்கு வந்திருக்கிறாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, கொடியின் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய ஊசியைச் செருகி நான் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே வந்ததும், "இது யார் வூட்டுக் கொழந்தையோடது?" என்று கேட்டாய்.

"தெரியாதுக்கா. பேரு சொல்லி அனுப்ப மாட்டாங்க."

"கொழந்த நல்லா இருக்குதா?"

"அதுவும் தெரியாது."

"இன்னாடி படிச்ச நீ" என்றாய். கோபமில்லாமல்தான் சொன்னாய். 

வருகிற மாசியோடு நீ போய் ஒரு வருஷம். சிறுநீரகம் கைவிட்டு, டயாலிசிஸ் டயாலிசிஸ் என்று அலைந்து, கடைசியில் போதும் என்று நீயே சொல்லிவிட்டுப் போனாய். உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்தேன். போன வாரம் மாமா போன் செய்தார். அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நம் இருவருக்கும் தெரிந்ததையே சொல்லிக்கொண்டு வருகிறேன். உன்னோடு பேசுகிற மாதிரி இருக்கும்.

வெள்ளிமலையில் நீ டீச்சராக இருந்த அந்தப் பள்ளியும் அதன் பின்னால் உனக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறையும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி. கல்யாணம் ஆகியும் நீ மேலேதான் இருந்தாய். மாமா கீழே, சின்னசேலம் பக்கம் அவர்கள் ஊரில். சனிக்கிழமை பஸ்ஸில் இறங்குவாய், திங்கள் முதல் பஸ்ஸில் ஏறுவாய். மாமா பி.ஏ. படித்துவிட்டு, எழுதாத பரீட்சை இல்லை, போகாத நேர்முகம் இல்லை. கரும்பு வெட்டிக்கொண்டே அடுத்த பரீட்சைக்குப் படிப்பார். அந்த வருஷங்களில்தான் நம் ஜனங்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. அவர் எல்லாவற்றுக்கும் போனார். நான் அப்போது பி.எஸ்.சி. முடித்து, மேலே படிக்க இடம் கிடைக்காமல் வீட்டில் இருந்தேன்.

"பந்தியில கடைசி வரிசைல உக்கார வெச்சிட்டாங்க. நம்மகிட்ட வர்றதுக்குள்ள சோத்து குண்டான் காலி ஆயிடுது. தனியா ஒரு குண்டான் வெய்யின்னு கேக்குறோம், வேற இன்னா" என்பார். அவர் பேசினால் எனக்கும் சரி என்றுதான் படும். இன்றைக்கும் படுகிறது.

அந்த ஒதுக்கீட்டுக்கான சாலை மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள் அவர்தான் நம் வீட்டுக்குச் சைக்கிளில் வந்தார். "நாளைலேர்ந்து பஸ் ஓடாது. நீ இன்னிக்கே மேல போயி உங்க அக்காவ இட்டுகினு வந்துடு" என்றார். உனக்குப் பிரசவத்துக்கு நாள் இன்னும் இருந்தது. காலாண்டுப் பரீட்சை முடித்துவிட்டு இறங்குகிறேன் என்று நீ சொல்லியிருந்தாய். நான் கள்ளக்குறிச்சி வந்து பஸ் பிடித்து உன்னிடம் வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்கு மேல் இறங்குகிற வண்டி இல்லை. காலையில் முதல் பஸ்ஸில் போகலாம் என்றாய். காலையில் பஸ் வரவில்லை. கீழே புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்துவிட்டார்கள் என்று மலையடிவாரத்திலிருந்து நடந்து வந்த ஒருவர் சொன்னார்.

"ரெண்டு நாள்ல எல்லாம் சரியாயிடும்" என்றாய் நீ. அன்று மத்தியானமே உனக்கு வலி எடுத்தது.

மறுநாள் விடியும்போது அவள் பிறந்தாள். சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒருத்தரே பார்த்தார். நன்றாக அழுதாள். நிறம் நன்றாக இருந்தது. நர்ஸம்மா அவளைத் துடைத்து என் கையில் கொடுத்து, "இன்னாம்மா பயந்துகினு நின்ன, பாரு எப்டி இருக்குதுன்னு" என்றார். பள்ளியில் சமைக்கிற அம்மா சாமைக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அன்று முழுவதும் நம் அறைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. மாமாவுக்கு எப்படிச் சேதி சொல்லி அனுப்புவது என்பதுதான் உன் ஒரே கவலை.

அதற்கடுத்த நாள் காலையில், கதவைத் திறந்து வெளிச்சம் வந்ததும், பால் கொடுத்துக்கொண்டிருந்த நீ என்னைக் கூப்பிட்டாய். "இங்க வந்து பாருடி. உதடு ஏன் இப்டி இருக்குது?"

நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. நான் நிழல் என்றேன். நீ அவளை வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாய். நகங்களும் அப்படித்தான் இருந்தன. பாலை இழுக்க ஆரம்பித்து உடனே விட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். நர்ஸம்மா வந்து நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். "எனக்கு இதுக்கு மேல தெரியாதும்மா. கீழ எடுத்துகினு போங்க. இப்பவே போங்க" என்றார்.

ஜீப் ஓட்டுகிற சடையன் அண்ணன் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். வழி அடைத்திருக்கிறது என்று தெரிந்தும் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார். "போற வரைக்கும் போவோம் டீச்சரம்மா" என்றார். நீ பின்சீட்டில் சாய்ந்திருந்தாய். குழந்தை என்னிடம் இருந்தாள். வளைவுக்கு வளைவு நீ "மூச்சு இருக்குதா?" என்று கேட்டாய். நான் "இருக்குது" என்றேன். மலை முழுக்க இறங்கிவிட்டோம். கச்சிராயபாளையம் தாண்டிச் சிறிது தூரத்தில் முதல் மரம்.

அவ்வளவு பெரிய புளியமரத்தை நான் படுத்த வாக்கில் பார்த்ததில்லை. சாலையின் இரண்டு பக்கமும் தாண்டி வயலுக்குள் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் எழுந்து கையைக் காட்டி, "வழி இல்ல, திருப்பு திருப்பு" என்றான்.

சடையன் அண்ணன் இறங்கிப் போனார். "பச்ச ஒடம்புக்காரி உள்ள இருக்குறாங்க. கொழந்தைக்கு மூச்சு முடியல. பாத்துட்டு சொல்லு."

அவன் வந்து ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தான். என் வயதுதான் இருக்கும். குழந்தையைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. திரும்பி ஓடினான். எல்லோரையும் கூப்பிட்டான். கயிறு கொண்டுவந்தார்கள், கிளைகளைக் கழித்தார்கள், அடிமரத்தில் கயிறு கட்டி இழுத்தார்கள். ஒரு சாண்கூட நகரவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் வேர்த்துப்போய் என்னிடம் வந்து, "வெட்டத்தான் தெரிஞ்சிதும்மா. நவுத்த முடியல" என்றான்.

பிறகு பக்கத்து வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து உன்னைக் கிடத்தினார்கள். நான்கு பேர் தூக்கினார்கள். வயல் வரப்பு வழியாக மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சாலையில் ஏறினோம். கொஞ்ச தூரத்தில் அடுத்த மரம். அங்கே வேறு ஆட்கள். முதல் மரத்துப் பையன் சைக்கிளில் முன்னால் போய்ச் சொல்லி வைத்தபடியே இருந்தான். கட்டில் கை மாறிக்கொண்டே போயிற்று. நடுவில் ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. அதுவும் அடுத்த மரம் வரைதான். சடையன் அண்ணன் ஜீப்பை அங்கேயே விட்டுவிட்டு நம்மோடு நடந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் துப்பட்டாவால் அவளை மூடினேன். மூடினால் நிறம் தெரியவில்லை. உடனே விலக்கிவிட்டுப் பார்த்தேன். வழி முழுக்க அதையேதான் செய்துகொண்டு வந்தேன்.

கட்டில் தூக்கியவர்களில் ஒருவர் எந்த ஊர், யார் வீடு என்று கேட்டார். நான் மாமா பெயரைச் சொன்னேன். "அவரா? முந்தாநாளே புடிச்சிகினு போய்ட்டாங்களே, எந்த ஜெயிலுன்னு தெரியல" என்றார். நீ கட்டிலில் கண்ணை மூடியிருந்தாய். கேட்டாயா இல்லையா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. கேட்டாய் என்று பிற்பாடு சொன்னாய்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அங்கே இருந்த டாக்டர் நல்ல மனுஷர். பார்த்த உடனே சிலிண்டரைத் திறந்து குழந்தையின் மூக்கருகே ஆக்சிஜன் வைத்தார். நாம் மூன்று பேரும் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். நிறம் திரும்பவில்லை. வால்வை இன்னும் திறந்தார். திரும்பவில்லை.

"எவ்ளோ குடுத்தாலும் ஏறல. நுரையீரல்ல கோளாறு இல்ல, இதயத்துல இருக்கணும். மெட்ராஸ் கொண்டு போகணும்" என்றார். சொல்லிவிட்டு அவரே வெளியே பார்த்தார். போலீஸ் வண்டி கிடைக்குமா என்று அவரே நடந்து போய்க் கேட்டுவிட்டு வந்தார். நாளைக்குத்தான் வழி திறக்க முடியும் என்றார்களாம். அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு நம் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் போய்விட்டாள். கட்டில் தூக்கி வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகாமல் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார்கள். அவர்களும் சடையன் அண்ணனும்தான் கோமுகி ஆற்றங்கரையில் அடக்கம் செய்தார்கள். அவளுக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. பெயர் வைக்க மாமா வரட்டும் என்று நீ சொல்லியிருந்தாய்.

மாமா விடுதலையாகி வந்தபோது நீ அம்மா வீட்டில் இருந்தாய். தாடியோடு வாசலில் நின்றார். யாரோ வழியிலேயே சொல்லியிருந்தார்கள். உள்ளே வரவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றார். நீ எழுந்து போய், "கால் கழுவிகினு வாங்க, சாப்டலாம்" என்றாய். அவர் சாப்பிட்டார். நீ பரிமாறினாய். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அம்மா அடுப்படியில் அழுததுதான் கேட்டது.

அவர் மரம் வெட்டியது சின்னசேலம் சாலையில். நாம் வந்தது வேறு சாலை. இதை நான் அவரிடம் ஒருமுறை சொன்னேன். "எல்லா ரோடும் ஒண்ணுதான்" என்றார். அதோடு சரி.

அப்புறம் ஒதுக்கீடு வந்தது. அந்தப் புதிய பட்டியலில்தான் எனக்கு எம்.எஸ்.சி. உயிர்வேதியியலில் இடம் கிடைத்தது. மாமாவுக்கு வயது தாண்டிப் போயிருந்தது. அவருக்கு எந்த வேலையும் வரவில்லை. என்னைச் சேர்க்க அவர்தான் மெட்ராசுக்கு வந்தார். பஸ்ஸில் என் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். உளுந்தூர்ப்பேட்டை தாண்டும்போது சாலையோரம் வரிசையாக வெறும் அடிக்கட்டைகள். அவர் தலையைத் திருப்பிக்கொண்டு, "நல்லா படி" என்றார்.  எதனால் எனக்கு அந்த இடம் வந்தது என்று இருவருக்கும் தெரியும். சந்தோஷப்படவும் முடியவில்லை, வேண்டாம் என்று திரும்பவும் முடியவில்லை.

ரத்தக்குழாயின் செல்களை ஆராய நான் திட்டமிட்டுப் போனேன் என்று நீ நினைத்திருந்தாய். அப்படி இல்லை. இடம் இருந்த ஆய்வகம் அது. போய்ச் சில வருஷம் கழித்து, குழந்தைகளின் இதயத்தைப் பார்க்கிற ஒரு டாக்டர் எங்களிடம் வந்து பேசினார். பலகையில் ஒரு இதயம் வரைந்தார். நுரையீரலுக்குப் போகிற பெரிய குழாயையும் உடம்புக்குப் போகிற பெரிய குழாயையும் இணைத்து ஒரு சின்னக் குழாய் போட்டார். கருவில் இருக்கும்போது இது திறந்திருக்கும், பிறந்ததும் மூடிக்கொள்ளும் என்றார். மூடினால் சில குழந்தைகள் நீலமாகிவிடும் என்றார்.  பேச்சு முடிந்ததும் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் நன்றாக இருந்தது, இரண்டாம் நாள் காலை நீலம், ஆக்சிஜன் கொடுத்தும் நிறம் திரும்பாதது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பார்க்காமல் சொல்லக் கூடாது. ஆனால் பெரும்பாலும் அதுதான்" என்றார்.

அந்த வாரமே உன் வீட்டுக்கு வந்தேன். அப்போது நீ மலையிலிருந்து மாற்றல் வாங்கிக் கீழே வந்துவிட்டிருந்தாய். பையன் பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். நீ கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். நான் எதிரே உட்கார்ந்து சொன்னேன்.

வயிற்றில் இருக்கும்போது குழந்தை மூச்சு விடுவதில்லை, நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் ரத்தம் அந்தச் சின்னக் குழாய் வழியாகக் குறுக்கே போய்விடும். அங்கே ஆக்சிஜன் கம்மி. கம்மியாக இருக்கும்வரை குழாயின் சுவர் தளர்ந்து கிடக்கும். நஞ்சுக்கொடியிலிருந்து வருகிற ஒரு பொருளும் அதை மூடவிடாமல் வைத்திருக்கும். பிறந்து முதல் மூச்சை இழுத்ததும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது. குழாயின் சுவரில் இருக்கிற செல்கள் அதைக் கண்டுகொள்கின்றன. தசைச் செல்களின் தோலில் இருக்கிற சின்னச் சின்னக் கதவுகளில் சில மூடுகின்றன, சில திறக்கின்றன, சுண்ணாம்புச் சத்து உள்ளே பாய்கிறது, தசை இறுகுகிறது. உள்சுவர்ச் செல்களும் இறுக்குகிற பொருளைச் சுரக்கின்றன. ஒன்றிரண்டு நாளில் குழாய் மூடிவிடும். உனக்கு, எனக்கு, எல்லோருக்கும் அப்படி மூடியதுதான். உன் மகளுக்கு இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற வழி பிறவியிலேயே அடைத்திருக்க வேண்டும். அந்தச் சின்னக் குழாய் ஒன்றுதான் ரத்தம் நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்த வழி. அது இருந்தவரை நன்றாக இருந்தாள். அந்தச் செல்களுக்கு ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். ஏறியது, மூடின.

நீ கீரையை விட்டுவிட்டாய். "அப்ப ஆஸ்பத்திரில வெச்ச ஆக்சிஜன்?"

"அதுக்குள்ள பெரும்பாலும் மூடியிருக்கும்க்கா. அவர் செஞ்சததான் யாரும் செஞ்சிருப்பாங்க."

"நஞ்சுலேர்ந்து வர்றதுன்னு சொன்னியே. அது எங்கிட்ட இருந்ததா?"

"ஆமா. இப்ப அதையே மருந்தா செஞ்சிருக்காங்க. ஊசில ஏத்துனா குழாய் மூடாம நிக்கும்."

நீ ஒரு கீரைத் தண்டை எடுத்துக் கிள்ளினாய். அப்புறம் கேட்டாய்: "அப்ப கொடிய அறுக்காம வுட்டிருந்தா?"

"அறுத்துதான்க்கா ஆகணும். வெளிய வந்தப்புறம் அது தானா நின்னுடும்."

"எங்கிட்ட இருந்தத எம்பொண்ணுக்கு குடுக்க முடியாம பூடுச்சி" என்றாய்.  பேச்சை மாற்றலாம் என்று நான் செய்கிற வேலையைச் சொன்னேன். ரத்தக்குழாய்ச் செல்களுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. செல் அதை எந்நேரமும் செய்துகொண்டே இருக்கும், செய்த கையோடு அழித்துக்கொண்டும் இருக்கும். அழிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் அழிக்க முடியாது, புரதம் சேர்ந்துவிடும். சேர்ந்ததும் அது செல்லின் உட்கருவுக்குள் போய், புதுக் குழாய் கட்டு, ரத்தம் அதிகம் வர வழி செய் என்று ஒவ்வொரு வேலையாக முடுக்கிவிடும் என்றேன்.

நீ டீச்சர்தானே. உடனே பிடித்துக்கொண்டாய். "அப்ப கெட்ட நேரத்துக்குன்னு எப்பவுமே தயாரா வெச்சிகினு இருக்குதா?"

"ஆமாக்கா."

"எம்பொண்ணு ஒடம்புல அது இல்லியா?"

"இருந்துதுக்கா. அதுவும் வேலை செஞ்சிருக்கும். புதுக் குழாய் கட்ட நாள் வேணும். அவளுக்கு அவ்ளோ நேரம் இல்ல."

நீ கீரைத்தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "நீ ஒண்ணு செய்யணும்" என்றாய். "அவருகிட்ட சொல்லு. வழி தொறந்து இருந்தாலும் பொழச்சிருக்காதுன்னு சொல்லு."

"அது தெரியாதுக்கா. மெட்ராஸ்ல ஒருவேளை..."

"தெரியாதுன்றது ஒனக்கு போதும். அவருக்கு போதாது. ராத்திரில எழுந்து உக்காந்துகினு இருக்குறாரு. இத்தன வருசமா. நான் தூங்குற மாதிரி படுத்துகினு இருக்கேன். நீ படிச்சவ, நீ சொன்னா கேப்பாரு."

மறுநாள் காலை மோட்டார் கொட்டகையில் அவரிடம் சொன்னேன். குழாயைப் பற்றி எல்லாம் சொல்லி, கடைசியில், "வழி இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது மாமா" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். "மெட்ராஸ் போயிருந்தா?"

"மெட்ராஸ் போயிருந்தாலும்."

"சரி" என்றார். எழுந்து மோட்டாரைப் போட்டார். தண்ணீர் வந்து விழுகிற சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியவில்லை. நான் சொன்னதை நம்பினாரா என்று அவர் முதுகைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நீ அடுத்த மாதம் போனில், "இப்பல்லாம் தூங்குறாரு" என்றாய். உண்மையா, எனக்காகச் சொன்னாயா, அதுவும் தெரியாது.

டயாலிசிஸ் படுக்கையில் கடைசியாக உன்னோடு உட்கார்ந்திருந்த அன்று நீ கேட்டாய். மாமா டீ வாங்கப் போயிருந்தார். "எனக்கு மட்டும் நெசத்த சொல்லு. வழி தொறந்து இருந்தா?"

நான் யோசித்தேன். மெட்ராஸ் போய்ச் சேரும்வரை அவள் தாங்கியிருந்தால், அந்த மருந்து அன்று அங்கே ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால், அவ்வளவு சின்ன நெஞ்சைத் திறக்கத் தெரிந்தவர் ஊரில் இருந்திருந்தால். ஒவ்வொரு 'இருந்தால்' என்பதும் இன்னொன்றின் மேல் நிற்கிறது. அத்தனையும் கூடி வந்திருக்காது என்று சொல்லவும் எனக்கு ஆதாரம் இல்லை.

"தெரியாதுக்கா" என்றேன்.

"அதான் நெசம்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாய். அழுதது நான்தான். உனக்கு ஒரு பதிலாவது கொண்டுவந்து தந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அதே செல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு ஆக்சிஜனில் எந்தப் புரதம் எவ்வளவு சேரும் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். நீ கேட்டதைச் சொல்ல முடியவில்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை. மாமா போன் செய்தார். பையன் பெங்களூரிலிருந்து வந்துவிட்டுப் போனதாகச் சொன்னார். முழங்கால் வலி, மழை இல்லை, கரும்புக்கு ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு இன்னும் வரவில்லை என்றெல்லாம் சொன்னார்.  வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"கொழந்தைய நீதான வெச்சிகினு வந்த" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "எந்தக் குழந்தை மாமா?" என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

"ஆமா மாமா."

"எப்டி இருந்தா?"

அக்கா, அவர் அவளைப் பார்த்ததே இல்லை. எனக்கு அது தெரியாததில்லை. ஆனாலும் அன்றுதான் அது என் மனசில் முழுதாக இறங்கியது. நீ இருந்தவரை அவர் உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ உடைந்துபோவாய் என்று கேட்காமல் இருந்திருக்கிறார். சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று நீ சொல்லாமல் இருந்திருக்கிறாய். ஒரே வீட்டில், ஒரே பாயில். சடையன் அண்ணனும் போய்விட்டார். அந்த நர்ஸம்மா எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. அவள் முகத்தை ஞாபகம் வைத்திருக்கிற ஆள் இப்போது நான் ஒருத்திதான்.

சொன்னேன். தலை நிறைய முடி இருந்தது மாமா, நெற்றிவரை இறங்கியிருந்தது என்றேன். இடது காது மடல் கொஞ்சம் மடங்கியிருந்தது, அக்கா அதை விரலால் நிமிர்த்திவிட்டுக்கொண்டே இருந்தாள், அது திரும்பத் திரும்ப மடங்கிக்கொள்ளும் என்றேன். வழியில் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள், கட்டில் கை மாறும்போதெல்லாம் பிடியை இறுக்குவாள் என்றேன். கடைசியில் பிடி எப்போது தளர்ந்தது என்பதைச் சொல்லவில்லை.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "உங்க அக்கா சாடையா?" என்றார்.

நான் யோசிக்கவில்லை அக்கா. யோசித்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பேன். மோட்டார் கொட்டகையில் அவரிடம் எனக்கு நிச்சயமில்லாததைச் சொன்னேன். இந்த ஒன்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் வாயில் வந்துவிட்டது.

"இல்ல மாமா. அப்டியே உங்க சாடை."

 வெகுநேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அதைச் சொல்லியிருக்கலாமா கூடாதா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும்.